படம் முந்தி, கதை பிந்தி

கண்ண மூடிக்கோங்க தாத்தா, நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது, அப்படின்னு சொல்லிட்டு அந்த நர்ஸ் பிள்ள அடுத்த ஆளுக்குப் போயிட்டா. மூடியாச்சு தாயி, மூடியாச்சு. ரெண்டு கண்ணுலயும் சொட்டு மருந்து விட்டு, எரியிற வரைக்கும் எரிஞ்சு, இப்ப தொண்டைக்குள்ள எறங்கிக் கசக்குது. கண்ணுல விட்டது நாக்குல கசக்குற கூத்த எவன்கிட்டப் போயிச் சொல்ல. கண் பாப்பா நல்லா விரியணுமாம், விரிஞ்சாத்தான் டாக்டர் உள்ள லைட் அடிச்சு நரம்பப் பாக்க முடியுமாம், அதுவரைக்கும் இந்த இரும்பு நாற்காலியில ஒருத்தர் முழங்கை ஒருத்தர் மேல இடிக்க வரிசையா உக்காந்திருக்கோம், எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு, பந்தியில உக்காத்தி வச்சுட்டு எல போட மறந்துட்ட மாதிரி. ஏசி குளிருது. பினாயில் வாசம். எங்கயோ மைக்குல டோக்கன் நம்பர் சொல்லுதாங்க, ஒண்ணும் வெளங்கல. அதெல்லாம் சரி. ஆனா இப்பத்தான், மருந்து விட்ட கையோட, சட்டைப் பையில போன் ஒரு தடவ நடுங்குச்சு. ஒரே ஒரு தடவ. யாராவது கூப்பிட்டா விடாம நடுங்கும், இது ஒண்ணோட நின்னுட்டுது, அப்படின்னா மெசேஜு. வடிவு எனக்கு மெசேஜ் போட மாட்டா. என் மக சங்கரவடிவு, ஒத்தப் பிள்ள, எனக்குப் பொடி எழுத்து தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும், உப்பு வாங்கணும்னாலும் கூப்பிட்டுத்தான் சொல்லுவா. இன்னைக்கு அவளுக்கு ரிசல்ட் வருது. மாருல ஒரு கட்டி, சதையக் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்குக் குடுத்திருக்கு, கெட்ட கட்டியா சாதாரணக் கட்டியான்னு இன்னைக்குக் காலையில சொல்லிருவாங்க. நானும் கூட வாரேன்ட்டின்னேன். நீங்க போயி உங்க கண்ணக் காட்டுங்கப்பா, எத்தன தடவதான் தள்ளிப் போடுவீங்க, நான் பாத்துக்கறேன்னா. மாப்பிள்ள கப்பல்ல வேல, இப்ப நடுக்கடல்ல இருக்காரு. அப்ப அவ தனியாத்தான் போயிருக்கா, தனியாத்தான் அந்தக் காகிதத்த வாங்கியிருக்கா, வாங்கிட்டு, வாயால சொல்ல முடியாம எழுதிப் போட்டிருக்கா. வாயால சொல்ல முடியாதது என்னவா இருக்கும். சவத்த, நெனைக்காத. போன எடுத்தேன், திருட்டுத்தனமாக் கண்ணத் தொறந்தேன். வெளிச்சம் ஊசியாக் குத்துது, எழுத்தெல்லாம் மழையில நனஞ்ச சுவரொட்டி மாதிரி கரைஞ்சு கெடக்கு. மூக்குக்கிட்ட வச்சுப் பாத்தேன், கைய நீட்டித் தள்ளி வச்சுப் பாத்தேன். தாத்தா, கண்ண மூடுங்கன்னு சத்தம். மூடிக்கிட்டேன்.

இந்தக் கண்ண வச்சுத்தான் பொழச்சேன். ஆவுடையப்பன். படத்து மூலையில ஆவுடைன்னு கோணலா ஒரு கையெழுத்து இருக்கும், வாரப் பத்திரிகை வாசிச்ச பழைய ஆளுங்களக் கேட்டா, ஓ அந்த ராக்கெட்டுக்காரரான்னு சொல்லுவாங்க. ராஜா ராணிக்கு ஒரு ஆளு, குடும்பக் கதைக்கு ஒரு ஆளு, வரப்போற காலத்துக்கு நான். விஞ்ஞானக் கதைன்னு எது வந்தாலும் கூப்பிடுவே ஆவுடையன்னுருவாங்க ஆபீஸ்ல. எனக்கு விஞ்ஞானம்னா என்னன்னு தெரியுமா, மண்ணாங்கட்டி தெரியும். கத்திரிக்காயத் தலகீழா நிப்பாட்டி கீழ நாலு றெக்க வச்சா ராக்கெட்டு. நான் வேலைக்குச் சேந்த காலம் ரேசன் கடையில ஜனங்க பை வச்சு எடம் பிடிச்ச காலம், கப்பல்ல வந்த கோதுமைய என்ன செய்யன்னு தெரியாம உலகம்மா கஞ்சி காய்ச்சுன காலம். உலகம்மா என் வீட்டுக்காரி. அப்ப வந்த கதையில எல்லாம் ரெண்டாயிரமாவது வருசத்துல ஜனங்க காலையில ஒரு மாத்திர, ராத்திரி ஒரு மாத்திர, வயிறு ரொம்பிரும். நான் வெள்ளித்தட்டுல ஒத்த மாத்திரய வச்சு, சுத்தி ஒரு குடும்பமே சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்குற மாதிரி படம் போட்டேன். உலகம்மா பாத்துட்டு, அது சரி, மாத்திரைக்குத் தொட்டுக்கிட என்னவாம்னா. எழுதுனவனும் பசிச்சவன், படம் போட்டவனும் பசிச்சவன். ஊருக்கு ஒரு ட்ரங்கால் பேச தபாலாபீஸ் பெஞ்சுல பாதி நாள் தவங் கெடந்தோம், அதனால கதையில எல்லாரும் செவுத்துல முகம் பாத்துப் பேசுனாங்க. பஸ்ஸுல தொங்குனோம், அதனால மவுன்ட் ரோட்டுல கார் பறந்துது. எது இல்லையோ அத எடுத்து ரெண்டாயிரத்துல வச்சுட்டோம். சந்திரனுக்குப் போற பொம்பளைக்குப் பொட்டு வைக்காமப் போட்டா ஆபீஸுக்குக் கல்லு வரும்னாரு ஆசிரியர், பொட்டு வச்சேன், கொண்டை வச்சேன், கொண்டைக்கு எடம் விட்டுக் கண்ணாடித் தொப்பிய மேல ஒரு பொடப்பு பொடச்சு வரைஞ்சேன். இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. சிரிக்காத, மெசேஜ் வந்திருக்கு.

எரியுதாண்ணேன்னு பக்கத்து நாற்காலி அம்மா கேக்குறா. மதுராந்தகமாம், சர்க்கரையாம், வந்ததுலேருந்து பேசிக்கிட்டே இருக்கா. எரிச்சல் நின்னுட்டுதும்மான்னேன். ஏம்மா, ஒனக்கு இந்த எழுத்து தெரியுதா பாருன்னு போன நீட்டியிருப்பேன், நீட்டல. அவ கண்ணுலயும் மருந்து, இந்த வரிசையில ஒருத்தர் கண்ணும் ஒதவாது. நர்ஸ் பிள்ளைகிட்டக் கேக்கலாம், நல்ல பிள்ள, வாசிச்சுச் சொல்லும், சத்தமா வாசிக்கும், தாத்தாவுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு ஊருக்கே கேக்க வாசிக்கும். வேண்டாம். அதுக்காகவா வேண்டாம்? பொய் சொல்லாதவே. வாசிச்சுட்டா ஆயிப்போச்சு, வாசிக்காத வரைக்கும் ஆகல, அதுக்குத்தான் வேண்டாம். எப்பவுமே எனக்கு இப்படித்தான், படம் முந்திப் போயிரும், கதை பிந்தி வரும். நெசமாவே அப்படித்தான் வேல பாத்தோம். படத்த அச்சடிக்கத் தகட்டுல பிளாக் எடுக்கணும், அதுக்கு ஒரு வாரம் முந்தியே கொண்டு போயிக் குடுத்தாகணும், கதைய ஈய எழுத்துல கடைசி நிமிசத்துலயும் கோத்துருவாங்க. அதனால கதை எழுதுற சாரங்கபாணி போன் பண்ணுவாரு. டெலிபோன் ஆபீஸ்ல வேல, அதனால போன் மட்டும் ராஜபோகம் அவருக்கு, கதை மட்டும் வராது. ஓய் ஆவுடை, இந்த வாரம் என்ன நடக்கப் போறதுன்னு எனக்கே தெரியல, நீர் எதையாவது போட்டுக் குடுத்துடும், நான் பின்னாடி ஒட்டிக்கறேன்னுவாரு. நானும் வீட்டுல கண்ணுக்கு முன்னால எது நிக்கோ அதுக்கு ஒரு கண்ணாடித் தொப்பி மாட்டி விட்டுருவேன். அவரு அதப் பாத்துட்டு கதையத் திருப்புவாரு. அப்படி ஒரு தடவ, மத்தியானம், உலகம்மா கட்டில்ல மல்லாக்கப் படுத்துத் தூங்குதா, கை வயித்து மேல, கையில கண்ணாடி வளையல். அப்படியே வரைஞ்சு, சுத்தி ஒரு கண்ணாடிப் பெட்டி போட்டு, பெட்டி ஓரத்துல ரெண்டு குழாய் வச்சுக் குடுத்துட்டேன். சாரங்கபாணி அத நூறு வருசம் கழிச்சு முழிக்கப் போற பொம்பளைன்னு எழுதுனாரு. நல்ல கதை. எல்லாரும் பாராட்டுனாங்க. உலகம்மா கூட, நூறு வருசம் தூங்கலாம்னா நான் இப்பவே ரெடின்னு சொல்லிச் சிரிச்சா. அஞ்சு வருசத்துக்கு முந்தி அவ போனப்ப, மாப்பிள்ள கப்பலு கரைக்கு வர நாளாகும்னு, ஐஸ் பெட்டிய வாடகைக்கு எடுத்துட்டு வந்து கூடத்துல வச்சாங்க. மேல கண்ணாடி. உள்ள உலகம்மா. கை வயித்து மேல. ஓரத்துல குழாய், கீழ மிசினு ம்ம்ம்ன்னு எரைஞ்சுக்கிட்டே இருக்கு. கண்ணாடி மேல வேர்வையாட்டம் தண்ணி முத்து முத்தாக் கோத்து நிக்கு, யாரோ துண்ட வச்சுத் தொடச்சு விடுதாங்க. எல்லாரும் அழுதாங்க. நான் அழல. நான் பாத்துக்கிட்டே நின்னேன், ஏன்னா இந்தப் படத்த எனக்குத் தெரியும், இந்தக் கோணம் கூட எனக்குத் தெரியும், காலுமாட்டுலேருந்து கொஞ்சம் ஒசரமா, நான் போட்ட அதே கோணம். நான் போட்டேன், யாரோ பிந்தி எழுதிட்டாங்க. யார்கிட்டயும் இதச் சொன்னதில்ல. கெழட்டு மூதிக்குப் புத்தி பெரண்டுட்டுதுன்னுவாங்க. தொண்டையில இன்னும் கசக்குது.

அப்படின்னா இன்னொரு படம் இருக்கே. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் சுத்திக்கிட்டு வந்தேன், ராக்கெட்டு, மாத்திர, கொண்டைன்னு, அந்தப் படத்துக்கிட்டப் போகாம இருக்கத்தான். போ, போயிப் பாரு. வடிவு அப்ப ரெண்டாங் கிளாஸோ என்னவோ. திருவல்லிக்கேணியில ஸ்டோர் வீடு, வரிசையா எட்டுக் குடித்தனம், நடுவுல முத்தம், எங்களுக்கு ஒத்த ரூம்பு. அன்னைக்கும் சாரங்கபாணி போன். எதுத்த வெத்தலபாக்குக் கடைக்குத்தான் போன் வரும், கடைக்காரன் கூவுவான். ஓய், செவ்வாய்க் கிரகத்துல எல்லாரும் எறங்கிட்டா, அடுத்தது என்னன்னு தெரியல, கொழந்தை ஒருத்தி இருக்கா கதையில, அவள வச்சு ஏதாவது போடும். நான் வந்து உக்காந்தேன். நிமிந்து பாத்தா வாசல்ல வடிவு. அவளுக்குப் பின்னால முத்தத்து வெயில், கண்ணு கூசுற வெயில். ஒரு கை தூக்கியிருக்கா. பள்ளிக்கூடப் பை தோள்ல. அவ்வளவுதான், பத்து நிமிசத்துல போட்டுட்டேன். பின்னால வெளிச்சம், முன்னால பிள்ள, முகத்துக்கு நேரம் இல்ல, இந்தியன் இங்க்க எடுத்து முகத்துல ஒரே அப்பு. காதுல மட்டும் அந்தச் சின்னக் கம்மல் மினுங்குற மாதிரி ஒரு புள்ளி விட்டேன். பைய மாத்தி காத்துச் சிலிண்டர் ஆக்குனேன். சாரங்கபாணி எழுதிட்டாரு. செவ்வாய்ல ஒரு வெளிச்சக் கதவு இருக்காம், பெரியவங்களுக்குத் தொறக்காதாம், அந்தப் பிள்ள மட்டும் உள்ள போவுதாம், போவறதுக்கு முந்தி திரும்பி ஒரு கை தூக்கிக் காட்டுதாம், கதவு மூடிருதாம், அவ்வளவுதானாம். பத்திரிகை வந்த அன்னைக்கு உலகம்மா அடுப்படியில நின்னுக்கிட்டே வாசிச்சா. வாசிச்சு முடிச்சுட்டு எம்மேல வீசுனா. அது என் பிள்ள, கம்மலப் பாத்தா தெரியாதா எனக்கு, என் பிள்ளைய ஏன் கொன்னீங்கன்னு கேட்டா. நான் எங்கட்டி கொன்னேன், அவன்லா எழுதுனான்னேன். அன்னைக்குச் சாயந்தரம் வடிவ உக்கார வச்சு உப்பும் மிளகாயும் சுத்தி அடுப்புல போட்டா. நெடியே வரல. ஒரு தும்மல் இல்ல. பாத்தீங்களா, அம்புட்டுக் கண்ணு பட்டிருக்குன்னா. யாரு கண்ணுட்டின்னேன். ஒங்க கண்ணுதான்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

மறுநாளே போயி சாரங்கபாணிகிட்டச் சண்ட போட்டேன். என்னவே, கொழந்தையப் போயி அனுப்பிட்டீரு, அவ வந்துக்கிட்டிருக்காவே படத்துலன்னேன். அந்த மனுசன் கண்ணாடியத் தூக்கி விட்டுட்டு பத்திரிகைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. வர்றாளா? எப்படிவோய் வர்றா? வந்தா முகம் தெரிய வேண்டாமா? நீர் கறுப்ப அப்பி வச்சிருக்கீர், பின்னாடி வெளிச்சம், கை ஒசந்திருக்கு, பாக்கற எவனும் டாட்டா காட்டறான்னுதான் சொல்லுவான், நீர் அனுப்பினீர், நான் எழுதினேன்னாரு. அவரும் போயிச் சேந்துட்டாரு, இப்பப் போயிக் கேக்கவும் ஆளில்ல. ஆனா அவரு சொன்னதுலேருந்து எனக்கு ஒரு முள்ளு. அவ நெசமாவே வந்தாளா? காலைல பள்ளிக்கூடம் போகுறப்ப வாசல்ல நின்னு போயிட்டு வாரேன்னு கை தூக்குனாளா, இல்ல சாயந்தரம் திரும்பி வந்தப்பவா? முத்தத்துல வெயிலு எப்ப அப்படி அடிக்கும், காலையிலயா சாயந்தரமா? பை தோள்ல இருந்துது. போறப்பவும் பை இருக்கும், வாறப்பவும் இருக்கும். தலையில பூ இருந்துதா, வாடியிருந்துதா? முகத்தப் பாத்தா தெரியும். முகத்துல மை. எத்தனையோ வருசமா அந்த வாசலப் போயிப் போயிப் பாத்துக்கிட்டே இருக்கேன், வெயிலு, கை, கம்மல், மை. அங்க வந்து நின்னுருது.

அப்புறம் காலம் மாறுச்சு, கதையும் மாறுச்சு. இல்லாதத எழுதுன காலம் போயி, பயந்தத எழுதுற காலம் வந்துது. ஸ்கைலாப்னு அமெரிக்காக்காரன் மேல விட்ட விண்வெளி நிலையம் ஒடஞ்சு விழப்போவுதுன்னு ஊரே ஆகாசத்தப் பாத்துக்கிட்டு, கோழியையும் ஆட்டையும் அறுத்துத் தின்னுக்கிட்டு இருந்தப்ப, வாரா வாரம் எதையாவது வானத்துலேருந்து விழ வச்சேன். பேங்குல கம்ப்யூட்டர் வரப்போவுது, வேல போயிரும்னு கொடி பிடிச்சாங்க, நான் பீரோ கணக்கா ஒரு கம்ப்யூட்டர் போட்டு அதுக்கு ரெண்டு சிவப்புக் கண்ணு வச்சேன். பிந்தி கிருமி வந்துது கதையில, ஒரே மாதிரி மனுசன நூறு பேரு செய்யிறது வந்துது, தண்ணி இல்லாத மெட்ராஸ் வந்துது, தண்ணிக்குள்ள முங்குன மெட்ராஸும் வந்துது. ரெண்டாயிரமாவது வருசம் பொறந்த அன்னைக்குக் காலையில பால் வாங்கப் போனேன். அதே பாக்கெட்டு, அதே ஈரம், அதே கடைக்காரன் சில்லறை இல்லன்னான். இத்தன வருசம் வரைஞ்ச வருசம் வந்துட்டுது, வந்துட்டுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. வானத்தப் பாத்தேன், காக்கா. போன வருசம் ஒரு தம்பி வந்தான், பத்திரிகைக்காரன், சார் உங்க பாணியில மிசினே படம் போடுது பாருங்கன்னு போன்ல காட்டுனான். ராக்கெட்டு, கொண்டை, கண்ணாடித் தொப்பி, எல்லாம் என் கோடு மாதிரியே இருக்கு. ஒரு பிள்ள வெளிச்சத்துல நிக்கு. ஆறு வெரலு. மூடுப்பான்னுட்டேன். இவ்வளவும் போட்டோம்லா, நானும் சாரங்கபாணியும் மத்தவனும், செவ்வாய்க்குப் போயி வீடு கட்டுனோம், கடலுக்கடியில கல்யாணம் வச்சோம், ஒருத்தனாவது ஒரு ஆஸ்பத்திரி வரிசையப் போட்டானா. வரப்போற காலத்துல ஒருத்தருக்கும் கட்டி வந்ததில்ல. ஒருத்தரும் ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்ததில்ல. செத்தா குண்டு வெடிச்சு சாவான், கிரகமே வெடிச்சு சாவான். கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு ஒரு கெழவன் சட்டைப் பையில மகளோட மெசேஜ வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்னு எவனாவது போட்டிருந்தா, ஆசிரியர் என்ன சொல்லியிருப்பாரு, என்னவே இது, குடும்பக் கதைக்குப் போக வேண்டியதுல்லான்னு தூக்கிப் போட்டிருப்பாரு. எம்மா, ஏதோ ஒரு மாத்திரய கண்டுபிடிச்சிருக்கக் கூடாதாடா, பசிக்கு இல்லேன்னா இதுக்கு.

தாத்தா, எட்டிப் பாக்காதீங்க, இன்னொரு ரவுண்டு மருந்து விடணும், உங்களுக்குப் பாப்பா இன்னும் விரியலன்னு நர்ஸ் பிள்ள சொல்லிட்டுப் போகுது. விரியலையாமே. நான் நம்பல. எல்லாம் விரிஞ்சுதான் கெடக்கு, உள்ள வரைக்கும். பக்கத்து அம்மா தூங்கிட்டா போல, மூச்சு சீராக் கேக்குது. போன் மறுபடியும் நடுங்கல. ஒரு மெசேஜ் போட்டா அப்பா பதில் சொல்ல மாட்டாருன்னு தெரியும்ல, அப்புறம் கூப்பிட வேண்டியதுதானே, ஏன் கூப்பிடல? அழுதுக்கிட்டிருக்காளோ. ஆட்டோவுல தனியா உக்காந்து அழுதுக்கிட்டிருக்காளோ, ஆட்டோக்காரன் கண்ணாடியில பாத்துட்டு பாக்காத மாதிரி ஓட்டிக்கிட்டிருக்கானோ. பாரு, போடுதேன் பாரு, மறுபடியும் படம் போடுதேன். கோணம் வச்சு, கண்ணாடி வச்சு, எல்லாம் வச்சு. நிறுத்துவே. ஒண்ணையும் நெனைக்காத, ஒண்ணையும் பாக்காத, கறுப்பா வச்சுக்க. கறுப்பா வச்சாலும் மை மாதிரில்லா இருக்கு. உலகம்மா, ஒன் மகளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுட்டி. நான் வேணும்னா இந்தக் கண்ண குடுத்துருதேன், ரெண்டையும் குடுத்துருதேன், இது பட்டுத்தானே எல்லாம். இப்படிப் பேரம் பேசுதேன் பாரு, யாருகிட்டன்னு கூடத் தெரியாம.

வாசக் கதவு தொறக்குற சத்தம் கேட்டுது. கண்ணாடிக் கதவு, இழுத்தா கீச்சுன்னு ஒரு சத்தம், வெளிய இருந்து ஹாரனும் வெக்கையும் உள்ள வரும், மூடுனா நின்னுரும். இது வரைக்கும் எத்தனையோ தடவ தொறந்து மூடுச்சு, கண்ணத் தொறக்கல. இப்பத் தொறந்துட்டேன். ஏன் தொறந்தேன்னு தெரியல. வெளிச்சம். கதவு முழுக்க வெள்ள வெளிச்சம், நடு மத்தியான வெளிச்சம், கண்ணுக்குள்ள கொட்டுது, தண்ணி பொலபொலன்னு எறங்குது. அந்த வெளிச்சத்துக்கு முன்னால ஒரு பொம்பள நிக்கா. கறுப்பா. முகம் இல்ல. தோள்ல ஒரு பை. ஒரு கை மேல தூக்கியிருக்கு. அய்யோ, இதுதான், இந்தப் படம்தான். கை தூக்கியிருக்கா, கதவு இன்னும் மூடல. வாறாளா போறாளா. எம்மா, ஒரு அடி எடுத்து வையி, ஒரே ஒரு அடி, எந்தப் பக்கம்னு பாத்துக்கிடுதேன். கண்ண மூடிக்கிடவா? என் கண்ணு படப்புடாதுல்லா? மூடிக்கிட்டேன். மூடுனா உள்ளயும் அவதான் நிக்கா.

அப்பா, அப்படின்னு காதுக்கிட்டக் கேட்டுது. கைய வேற பிடிச்சுட்டா, சில்லுன்னு இருக்கு அவ கை. கை தூக்கிக் காட்டுறேன், பாத்துட்டுப் பாக்காத மாதிரி கண்ண மூடிக்கறீங்க, வாசல்லருந்து எத்தன பேர இடிச்சுக்கிட்டு வர்றேன்னா. மெசேஜ் பாக்கலையா? என்ன மெசேஜ்னேன். வந்துகிட்டே இருக்கேன், அங்கயே இருங்கன்னு போட்டேன்ப்பா, டாக்டர் ரூம்ல நின்னுகிட்டு கூப்பிட முடியல. வந்துகிட்டே இருக்கேன்னா போட்டே? அதுதான் போட்டேன், ஏன், வேற என்ன போடுவேன்? பக்கத்துல எடம் இல்லாம எனக்கு முன்னால குத்த வச்சு உக்காந்துட்டா, முழங்கால் என் முழங்கால்ல இடிக்குது. நான் கேக்குறதுக்கு முந்தி அவளே சொன்னா. இருக்குப்பா. கெட்டதுதானாம். சீக்கிரமே பாத்துட்டோம், எடுத்துட்டு மருந்து குடுத்தா சரியாயிரும்னு சொல்றாங்க, அடுத்த வாரமே எடுத்துரலாம்னு சொல்றாங்க. பயமா இருக்குப்பா. அவ்வளவும் ஒரே மூச்சுல சொல்லிட்டு என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. நான் என்ன சொல்லணும், அப்பன்னு ஒருத்தன் இருந்தா என்ன சொல்லணும், ஒண்ணும் ஆகாதும்மான்னு சொல்லணும். என் வாயில வந்தது வேற. ஏட்டி, அந்தப் படத்துல நீ வந்தியா போனியான்னு கேட்டுட்டேன். எந்தப் படம்? ஒன்னய செவ்வாய்க்கு அனுப்புனேன்லா, அம்மா கூட உப்பு மிளகா சுத்திப் போட்டாளே. சிரிக்கா. அழுதுக்கிட்டே சிரிக்கா, மூக்க உறிஞ்சுக்கிட்டு. அடப்பாவி அப்பா, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஸ்கூல்லருந்து ஓடி வந்தேன், அவசரம், ஸ்டோர்ல கக்கூஸ் சாவி உங்க தலைக்கு மேல ஆணியில தொங்கும், எனக்கு எட்டாது, அப்பா சாவி, அப்பா சாவின்னு கைய நீட்டிக் கத்துறேன், நீங்க என்னையவே மொறைச்சுப் பாத்துக்கிட்டு கிறுகிறுன்னு வரைஞ்சுக்கிட்டு இருக்கீங்க, சாவியத் தரவே இல்ல. வந்துதான்ப்பா நின்னேன். நான் எங்க போனேன்.

வந்துதான் நின்னிருக்கா. சாவி கேட்டு நின்னிருக்கா. தாத்தா, கண்ணத் தொறந்திட்டீங்களா, மூடுங்க மூடுங்க, வெளிச்சம் பட்டா வலிக்கும், கடைசிச் சொட்டு இருக்கு, அதுவரைக்கும் கண்ண மூடுங்கன்னு நர்ஸ் பிள்ள மருந்தோட வந்து நிக்குது. வலிக்கத்தான் செய்யிது. தண்ணி கொட்டுது. அவ முகம் ரெண்டா தெரியுது, மூணா தெரியுது, ஓரமெல்லாம் கரைஞ்சு தெரியுது, அன்னைக்கு நான் மையப் போட்டு அப்புன முகம், கன்னம், மூக்கு, வாயி, எல்லாம் ஒவ்வொண்ணா எங்க எங்கன்னு தேடிப் பிடிச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன். தாத்தா, கண்ண மூடுங்க. மூட மாட்டேன் போ தாயின்னேன்.